முதுகு காட்டிப் பாடம் சொன்ன நீலாவதி டீச்சர்

ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடின வாரத்திலேயே எங்கள் ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியாரும் ஓடிவிட்டார். துரை காரில் ஓடினார், வாத்தியார் சைக்கிளில். சைக்கிள் பள்ளிக்கூடத்துச் சொத்து. அதற்குப் பிறகு கொஞ்ச காலம் அந்தக் கட்டடத்தில் ஆடுகள்தான் படித்தன. தோட்டத்துப் பிள்ளைகளெல்லாம் நிப்போங்கோ, அதாவது ஜப்பான் பாஷை, படித்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வந்ததும் ஆடுகளை வெளியே விரட்டிவிட்டு எங்களை உள்ளே விரட்டினார்கள். ஆடுகளுக்கு அதில் வருத்தம். எங்களுக்கும்தான்.

பாடம் சொல்ல நீலாவதியைப் பிடித்தார்கள். அவள் டிரெஸர் மகள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவரை டிரெஸர் என்போம். ஊருக்கெல்லாம் மருந்து கொடுத்த மனிதர், மருந்து தீர்ந்துபோன காலத்தில் மலேரியாக் காய்ச்சல் வந்து செத்தார். அம்மா முன்பே இல்லை. நீலாவதி செரம்பான் டவுனில் ஏழாவது வரை படித்தவள். இருபது வயதுகூட இருக்காது. ஆபீசுக் கணக்கு எழுதுகிற கிராணி திருநாவுக்கரசு அவளை டவுனுக்கு அனுப்பி நிப்போங்கோ கற்றுக்கொண்டு வரச் சொன்னார். போனாள், வந்தாள். கையில் ஒரு சாக்குக்கட்டிப் பெட்டி, உடம்பில் ஒரு சேலை, கொடியில் ஒரு சேலை. அவ்வளவுதான் டீச்சர்.

பள்ளிக்கூடத்தில் முன் பெஞ்சு, பின் பெஞ்சு என்று இரண்டு ஜாதி. முன் பெஞ்சில் ஆபீசு வீட்டுப் பிள்ளைகளும், கூலிகளை வேலை வாங்குகிற மண்டோர் வீட்டுப் பிள்ளைகளும். கிராணி மகன் நல்லசாமி அங்கே ராஜா. கிளிப்பிள்ளை மாதிரி எதையும் ஒப்பிப்பான். பின் பெஞ்சில் லயத்து, அதாவது கூலி வரிசை வீட்டு, பிள்ளைகள். எங்களுக்குக் கிராணி வைத்த பெயர் மக்குப் பட்டாளம். பட்டாளத்துக்குத் தலைவன் நான், அர்ச்சுனன். மாயாண்டி எங்கள் பீரங்கி. பதினைந்து வயது, ரப்பர் பால்மரம் மாதிரி உயரம், ஆனால் வெடிக்காத பீரங்கி. அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை. கேள்வி கேட்டால் தலையைக் குனிவான், சொறிவான். அடித்தால் இன்னும் குனிவான்.

டீச்சர் முதல் வாரம் அவனிடம், "காலையில என்னடா சாப்பிட்ட?" என்று கேட்டாள். அதற்கும் தலையைச் சொறிந்தான்.

"மரவள்ளிக் கிழங்குதான் டீச்சர். எல்லாரும் அதான். வேற என்ன இருக்கு, கோழியா?" என்றேன் நான்.

"உன்னக் கேக்கல. அவன் ஏன் பேச மாட்டேங்குறான்?"

"பேசினா ஒதைப்பாங்க டீச்சர்."

"யாரு?"

அது அவளுக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வீட்டில் வளர்ந்தவள் பெரட்டுக் களத்தை எங்கே பார்த்தாள்? விடியற்காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. அங்கே துரை ஏதாவது கேட்டால் பதில் சொல்லக் கூடாது. தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். பதில் சொன்னால் வாய் காட்டுகிறான் என்று பூட்ஸ் கால் வரும். எங்கள் அப்பன்கள் அதை எங்களுக்குப் பாலோடு ஊட்டியிருந்தார்கள். எதிரே நிற்கிற பெரிய முகம் கேள்வி கேட்டால், தெரிந்த பதிலும் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனக்கு மட்டும் அந்த வியாதி இல்லை. அதனால்தான் எனக்கு அடி அதிகம்.

ஒரு நாள் டீச்சர் பலகையில் எழுதிக்கொண்டே, திரும்பாமல், ஏதோ ஞாபகத்தில் கேட்டாள்.

"நம்ம தோட்டத்துக்கு மழை எந்தப் பக்கமிருந்து வரும்?"

"பெடாஸ் பக்கமிருந்து டீச்சர். மழைக்கு முன்ன எறும்பு மரத்துல ஏறிடும்."

கரகரவென்று ஒரு குரல். யாருடையதென்று எனக்கே முதலில் தெரியவில்லை. டீச்சரின் கை பலகையில் நின்றுவிட்டது. தோள் லேசாகத் திரும்பியது. பிறகு அப்படியே நின்றது. திரும்பவில்லை. அன்றைக்குத் திரும்பியிருந்தால் மாயாண்டி ஆயுசுக்கும் வாயை மூடியிருப்பான். அவளுக்கு அது எப்படியோ புரிந்துவிட்டது.

"எல்லா எறும்புமா ஏறும்?" என்று பலகையைப் பார்த்துக் கேட்டாள்.

"செவப்பு எறும்பு மட்டும் டீச்சர்."

அன்றிலிருந்து எங்கள் டீச்சர் எங்களுக்கு முதுகைக் காட்டித்தான் பாடம் நடத்தினாள். பின் பெஞ்சு பேச ஆரம்பித்தது. அவள் முதுகிடம் நாங்கள் சொல்லாத சங்கதி கிடையாது. முன் பெஞ்சுக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. தேங்காய் நாரைத் திரித்து ஒரு வால் செய்து, அவள் முந்தானையில் முள்ளால் குத்திவிட்டேன். வாலோடு ஆபீசு வரைக்கும் போய்விட்டு வந்தாள். வந்து வாலைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"அர்ச்சுனா, உன்னோட வாலை எங்கிட்ட மறந்து வெச்சுட்ட."

அடித்திருந்தால் எனக்குக் கணக்குத் தீர்ந்திருக்கும். அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த முதுகின் மேல் யாரும் கை வைக்காமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு கேள்வி உண்டு. "எப்படித் தெரியும்?" என்ன சொன்னாலும் அதைத்தான் கேட்பாள். "அப்பா சொன்னாரு" என்றால் ஒப்புக்கொள்ள மாட்டாள். "கிராணி சொன்னாரு" என்றாலும் அப்படியே. "நீ என்ன பார்த்த? அதைச் சொல்லு" என்பாள். மக்குப் பட்டாளத்துக்கு இது புதுசு. ஒப்பிக்கிற பாடத்தில் நாங்கள் கடைசி. பார்க்கிற பாடம் என்று ஒன்று இருப்பதும், அதில் நாங்கள் அத்தனை மோசமில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பாடம் என் தலையிலேயே விடிந்தது. கிராணி வீட்டுக் கிழங்குக் கொல்லையில் காட்டுப்பன்றி புகுந்துவிட்டது என்று ஒரே கூச்சல். டீச்சர் எங்களையெல்லாம் தடம் பார்க்க அழைத்துப் போனாள். கிழங்கு பிடுங்கின குழிகளைச் சுற்றி அழகழகான குளம்புத் தடங்கள். டீச்சர் பால்மரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"என்ன தெரியுது?"

மாயாண்டி குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு சொன்னான்.

"டீச்சர், பன்னிக்கு நாலு காலு. இதுக்கு ஒரு காலுதான் இருக்கு."

"எப்படித் தெரியும்?"

"எல்லாத் தடத்துலயும் ஒரே பக்கத்துல ஒரே வெட்டு. நொண்டிப் பன்னிகூட இப்படி நடக்காது. இது கட்டையில செதுக்கின காலு." கொஞ்சம் நிறுத்தி, "அர்ச்சுனன் சட்டையில கிழங்கு மண்ணு இருக்கு டீச்சர்" என்றான்.

நான் செதுக்கிய கட்டைக்கு இரண்டு நாள் உழைப்பு. பாவி, பேச ஆரம்பித்தான், என்னைத்தான் முதலில் கடித்தான். டீச்சரின் முதுகு குலுங்கியது. சிரிக்கிறாள் என்று தெரிந்தது. கிராணியிடம் அவள் சொல்லவில்லை. நான் அன்று முழுக்க மாயாண்டியோடு பேசவில்லை. மறுநாள் அவனுக்கும் பாதிக் கிழங்கு கொடுத்தேன்.

அப்போதே ஜப்பான்காரர்கள் சயாம் தேசத்துக்கு ஆள் பிடிப்பது நடந்துகொண்டிருந்தது. அங்கே ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திரும்பி வந்துவிடலாமாம். மாயாண்டியின் அப்பா முதல் லோரியிலேயே போனவர். போனவர்களில் ஒருத்தர்கூடத் திரும்பவில்லை. பெரிய ஆட்கள் குறைந்ததும் பதினாலு வயதுக்கு மேற்பட்ட பையன்கள் மேல் கண் விழுந்தது. பள்ளிக்கூடத்தைப் பார்க்க ஜப்பான் அதிகாரி வரப்போகிறார் என்று சேதி வந்தது.

கிராணி வகுப்புக்கே வந்தார்.

"ஏம்மா நீலாவதி, வர்றவரு இவனுங்கள நிறுத்திக் கேள்வி கேப்பாரு. நல்லா பதில் சொல்றவன் படிக்கிற பையன், அவன விட்டுடுவாங்க. சொல்லாதவன் கூலிக்குத்தான் லாயக்குன்னு லோரியில ஏத்திடுவாங்க. என் பையனப் பத்திக் கவலை இல்ல. உன் பின் பெஞ்சப் பாத்துக்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் நாலு எழுத்துப் படித்தவனை ஆபீசில் வைப்பார்கள், படிக்காதவனை வெயிலில் விடுவார்கள். அதுதான் அவர் கண்ட உலகம். எங்கள் எல்லாருக்கும் அதுதான் உலகம்.

கிராணி போனதும் டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பினாள். பின்னாலிருந்து மாயாண்டி கேட்டான்.

"டீச்சர், பதில் சொல்றவன விட்டுடுவாங்கன்னு எப்படித் தெரியும்?"

அவள் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"கிராணி சொன்னாரில்ல" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. நான்கூட.

அன்று சாயந்தரம் மாயாண்டியின் அம்மா, பஞ்சாலை என்று பேர், டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். நான் அங்கே விறகு பிளந்துகொண்டிருந்தேன், தண்டனைக்கு.

"டீச்சரம்மா, வூட்டுக்காரரு போயிட்டாரு. இவன் ஒருத்தன்தான் மிச்சம். எப்படியாச்சும் அவன் வாயத் தெறக்க வெச்சுடுங்க. ஒங்க காலத் தொட்டுக் கும்புடுறேன்."

"தொடாதீங்கக்கா. அவனுக்கு எல்லாம் தெரியும். நூறு வரைக்கும் நிப்போங்கோவுல எண்ணுவான். நல்லசாமிக்குக்கூட அப்பப்ப தடுமாறும், இவன் தடுமாற மாட்டான். மூஞ்சியப் பார்த்தாத்தான்..."

"அப்ப மூஞ்சியப் பாக்க வைங்க."

டீச்சர் வேலையை ஆரம்பித்தாள். முதலில் வழக்கம்போல முதுகு. பிறகு பக்கவாட்டில் நின்று, அரை முகம். பிறகு முறத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நேராக. முறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவாள். நெற்றி தெரியும்வரை மாயாண்டி எண்ணுவான். கண் தெரிந்ததும் நின்றுவிடுவான். மறுபடி முதுகு. நான் என் பங்குக்கு முகத்தில் கரி பூசி, மூக்குக்குக் கீழே பன்னாடையை ஒட்டிக்கொண்டு ஜப்பான் அதிகாரியாக வந்து உறுமினேன். மாயாண்டி சிரித்தான். சிரித்துக்கொண்டே என் முகத்தைப் பார்த்து இருபது வரை எண்ணிவிட்டான்.

"பார்த்தியா? மூஞ்சின்னா இவ்வளவுதான்" என்றாள் டீச்சர்.

கடைசியில் அவள் முகத்தை நேராகப் பார்த்து, கண்ணில் தண்ணீர் வர, நூறு வரை எண்ணினான். பஞ்சாலை அன்று கருப்பட்டி போட்டுக் கிழங்கு அவித்துக்கொண்டு வந்தாள். அந்தக் கருப்பட்டியை எங்கே பிடித்தாள் என்று இன்றைக்கும் தெரியாது.

அதிகாரி வந்த அன்று தாய்மார்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். கிராணி புதுச் சட்டை போட்டிருந்தார். ஜப்பான் ராஜாவுக்காகக் கிழக்கே பார்த்துக் குனிந்து கும்பிட்டோம். அதிகாரி கட்டையான ஆள், பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளன். முதலில் நல்லசாமி. கேட்ட எல்லாவற்றுக்கும் மணி அடித்த மாதிரி பதில். கிராணி எல்லாரையும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்தது நான். வாழ்நாளெல்லாம் ஓயாத வாய் அன்றைக்குத்தான் ஓய்வு எடுத்தது. அந்த முகத்தில் பன்னாடை இல்லை. பலகையைக் காட்டி என்ன என்றார். எனக்குத் தமிழ்ப் பேர்கூட மறந்துவிட்டது. "பாக்கா" என்று தலையில் ஒரு குட்டு வைத்துத் தள்ளினார். முட்டாள் என்று அர்த்தம். சயாம் எனக்குத்தான் என்று மூலையில் போய் நின்றேன்.

பிறகு மாயாண்டி. அதே பலகை. மாயாண்டி தலையைக் குனிந்தான். கை தலைக்குப் போனது. அதிகாரி மறுபடி கேட்டார், கொஞ்சம் உரக்க. ஜன்னலில் பஞ்சாலை கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் சுவரைப் பார்த்துத் திரும்பினாள்.

யோசித்துச் செய்தாளா, பழக்கத்தில் செய்தாளா, தெரியாது. "மாயாண்டி, இது என்னடா?" என்று பலகையிடம் மெதுவாகக் கேட்டாள். ஜப்பான் அதிகாரிக்கு ஒரு பொம்பளை முதுகைக் காட்டுகிறாள்! "கோரா!" என்று கத்திக்கொண்டு அவர் பாய்ந்து போய் அவளைத் திருப்பிக் கன்னத்தில் அறைந்தார். அவள் கீழே விழவில்லை. மறுபடி அறைந்தார். மூன்றாவதுக்குக் கை ஓங்கினார்.

அப்போது அவர் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. நடுவில் வேர்வை நனைந்த அகலமான காக்கி முதுகு.

"கொக்குபான் தெஸ்!" என்று கரகரப்பாக ஒரு குரல் அந்த முதுகைப் பார்த்துச் சொன்னது. இது பலகை என்று அர்த்தம். பிறகு நிற்கவில்லை. ஜன்னல், கதவு, பென்சில், எல்லாவற்றின் பேரும். "இச்சி, நி, சான், சி, கோ..." அதிகாரி ஓங்கின கையோடு திரும்பினார். மாயாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டு எண்ணினான், யாரோ துரத்துகிற மாதிரி. நூறில்தான் கண்ணைத் திறந்தான். முகத்தை முகம் பார்த்தது. அவன் குனியவில்லை.

"யோஷி" என்றார் அதிகாரி. "யோஷி, யோஷி." அவன் தோளைத் தட்டினார். கையைப் பிடித்துப் புஜத்தை அமுக்கிப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே பஞ்சாலை வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். டீச்சர் உதட்டில் ரத்தத்தோடு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

மொழிபெயர்ப்பாளன் சொன்னான்: "சயாம்ல கூலி ஆளுங்களுக்கு உத்தரவு புரிய மாட்டேங்குது. பாஷை தெரிஞ்ச பசங்க வேணும். பதில் சொன்னவங்க எல்லாம் லோரியில ஏறு. மத்த மக்குங்க இங்கயே கெடக்கட்டும்."

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. கிராணிதான் முதலில் புரிந்துகொண்டார். "ஐயா, ஐயா, அது தப்பு, மாத்தித்தானே..." என்று மொழிபெயர்ப்பாளனின் கையைப் பிடித்தார். அவன் உதறினான். நல்லசாமியை ஏற்றினார்கள். முன் பெஞ்சுப் பெரிய பையன்கள் எல்லாரையும் ஏற்றினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன்தான், மாயாண்டி.

டீச்சர் லோரிக்கு முன்னால் போய் நின்றாள். தனக்கும் பாஷை தெரியும், தன்னைக் கூட்டிப் போகட்டும், அவனை விடட்டும் என்று நிப்போங்கோவிலேயே கெஞ்சினாள். ஒரு சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் அவளை ஓரமாகத் தள்ளினான்.

நான் லோரிப் பலகையைத் தொற்றிக்கொண்டு நின்றேன். என் லாஸ்டிக்கை, அதாவது உண்டிவில்லை, கவட்டைக் கழியோடு அவன் கையில் திணித்தேன். காட்டில் ஒரு காடையாவது அடித்துத் தின்பான் என்று நினைப்பு.

"டேய் அர்ச்சுனா, இந்த லோரி செரம்பான் பக்கந்தானே போவுது?" என்றான் மாயாண்டி. இப்போது யார் முகத்தைப் பார்த்தும் பேசினான்.

"ஆமாடா."

"அப்ப வெயிலு இப்ப வலது தோள்ல விழும். நான் பாத்துக்கிட்டே போறேன். திரும்பி வர்றப்ப எடது தோள்ல விழுவுற நேரமாப் பாத்து நடக்கணும். அம்மாகிட்ட சொல்லு, எனக்கு வழி தெரியும்னு."

"போடா, பெரிய வாத்தியாரு" என்றேன். வேறு என்ன சொல்ல?

லோரி போனதும் பஞ்சாலை டீச்சரிடம் வந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தோம். மெதுவாகத்தான் பேசினாள்.

"வாயில்லாத புள்ளையா இருந்தான். அப்படியே இருந்திருப்பான். நீதானம்மா வாயக் குடுத்த."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

நான் பஞ்சாலையிடம் மாயாண்டி சொன்ன வழியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒருமுறை அவள் வாசலில் கிழங்கு கிடக்கும். யார் போடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பன்றியாக இருக்கும்.

பள்ளிக்கூடத்தை மூட முடியாது, உத்தரவு. நாலு மாதம் கழித்து அதிகாரி மறுபடி வரப்போகிறார், இந்தத் தடவை பன்னிரண்டு வயதுப் பையன்களையும் பார்ப்பார், ஆஸ்பத்திரி வேலைக்கு வயது பார்க்காமல் பெண்பிள்ளைகளையும் எடுப்பார் என்று பேச்சு வந்தது. கிராணி இப்போது எதையும் சொல்ல வருவதில்லை. ஆபீசு நாற்காலியில் உட்கார்ந்து பாதையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

டீச்சர் என்னைக் கூப்பிட்டாள்.

"அர்ச்சுனா, மக்கு மாதிரி இருக்க உனக்குத் தெரியும். இவங்களுக்குச் சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் வாத்தியாரானது அந்தப் பாடத்துக்குத்தான். வாயைப் பாதி திறந்து வைக்க வேண்டும். கண்ணை மூக்கு நுனியில் போட வேண்டும். கேட்ட கேள்வியைத் திரும்பக் கேட்கக் கூடாது, கேட்டால் காது இருக்கிறது என்று தெரிந்துவிடும். எச்சில் ஒழுகினால் விசேஷம். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சர் ஒவ்வொருத்தராக நிறுத்திக் கேள்வி கேட்டாள். தெரிந்த பதில் யார் முகத்திலாவது எட்டிப் பார்த்தால், "தெரியுது. உள்ள போடு" என்பாள். முன்பு வெளியே எடுக்க எத்தனை பாடுபட்டாளோ, அத்தனை பொறுமையோடு உள்ளே போட வைத்தாள்.

சின்னக்குட்டி மயிலம்மாளுக்கு ஏழு வயது. கேள்வி கேட்கிறதில் மாயாண்டிக்கு வாரிசு அவள்தான். நிலா ஏன் கூடவே வருது, தண்ணிக்கு ஏன் வாசனை இல்ல என்று டீச்சர் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருப்பாள். அவள்தான் மிகவும் கஷ்டம். பதில் அவளுக்கு உதட்டிலேயே நிற்கும். நாள் பூராவும் அவளோடு மன்றாடினோம்.

ஒரு நாள் டீச்சர் கேட்டாள், "உன் பேர் என்ன?"

மயிலம்மாள் வாயைப் பாதி திறந்து அவளைப் பார்த்தாள்.

"பேரு என்னம்மா?"

ஒன்றும் இல்லை. கண்ணில் ஒரு சலனமும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாக இருந்தது.

"நல்லது" என்றாள் டீச்சர்.

மறுவாரம் அவள் அம்மா மங்கம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தாள்.

"டீச்சரம்மா, இவ வூட்லயும் பேச மாட்டேங்குறா. கூப்புட்டா திரும்ப மாட்டேங்குறா. ராத்திரி நிலா வந்திச்சு, 'அதோ பாருடி'ன்னேன். பாக்கல."

டீச்சரின் முகம் வெளுத்துப் போனது. "சரியாயிடும்க்கா. அவரு வந்துட்டுப் போனதும் நான் மறுபடி..."

"வேணாம்மா" என்றாள் மங்கம்மா அவசரமாக. "நான் கொறை சொல்ல வரல. எப்படிச் செஞ்சீங்கன்னு கேக்கத்தான் வந்தேன். மூத்தவனுக்கும் செய்யணும்."